சூதாட்ட நகரத்து வேலி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் ஆண்டில், சிட்னியில் தமிழ் பேச ஆசை வந்தால் முதலில் அதற்கு ஆள் தேட வேண்டும். அந்த விஷயத்தில் சந்திரவதனாவுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. ஹோம்புஷ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அவள் குடியிருந்த செங்கல் மாடிக் கட்டடத்துக்கு அடுத்த கட்டடத்திலேயே யோகராணி இருந்தாள். இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஊரில் இருந்திருந்தால் ஒருவரையொருவர் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இங்கே ஒருத்தி மிளகாய் வறுத்தால் மற்றவள் தும்மிக்கொண்டு ஓடிவருவாள்.

சனிக்கிழமை மாலைகளில் இரண்டு குடும்பமும் கூடி முன்னூற்றி நாலு விளையாடும். நாலு பேர் இல்லாமல் அந்தச் சீட்டாட்டம் நடக்காது, அந்தப் பக்கத்தில் அதைத் தெரிந்த நாலு பேரும் இவர்கள்தான். பெண்கள் ஒரு கட்சி, ஆண்கள் ஒரு கட்சி. தோற்பது வழக்கமாக ஆண்கள். சந்திரவதனாவின் கணவன் விக்னராஜா மின்சார இலாகாவில் பொறியியலாளர். யோகராணியின் கணவன் ஜெயரட்ணம் பரமட்டாவில் கணக்காளர். இவ்வளவு படித்த இரண்டு பேர் எட்டுச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு இப்படி முழிப்பதைப் பார்க்கச் சந்திரவதனாவுக்கு ஒவ்வொரு கிழமையும் ஆனந்தமாக இருக்கும். காசு மட்டும் வைப்பதில்லை. "நாங்கள் சூதாடுறேல்லை" என்று இரண்டு ஆண்களும் அலுவலகத்து வெள்ளைக்காரர்களிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லித் திரிந்தார்கள்.

அப்படிப்பட்ட இரண்டு உத்தமர்களைத்தான் டெஸ் கலகன் என்பவன் சூதாட்ட நகரம் கட்டக் கூட்டிக்கொண்டு போனான்.

டெஸ் கலகன் முதலில் ஜெயரட்ணத்திடம் வரி விஷயமாக வந்தவன். வெள்ளைச் சப்பாத்து, தங்கப் பல், எதைச் சொன்னாலும் நம்பச் சொல்லும் முகம். பரமட்டாவில் ஒரு கிளப் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, மேசை நீளத்துக்கு ஒரு மாதிரி நகரம் செய்து வைத்திருந்தான். அட்டையில் ஹோட்டல்கள், கண்ணாடித்துண்டில் நீச்சல்குளம், சின்னச் சின்னப் பல்புகள். பெயர் லக்கி சிட்டி. இடம், நியூ சவுத் வேல்சின் மேற்கு மூலையில், வரைபடத்தில் ஒன்றுமே எழுதியிருக்காத பகுதி. அங்கே லக்கி கிரீக் என்று ஓர் ஓடை இருப்பதாகவும் சொன்னான். அதில் தண்ணீர் ஓடுவதாக அவன் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

"லாஸ் வேகாஸ் எப்படி உண்டானது தெரியுமா?" என்று டெஸ் ஆரம்பித்தான். "பாலைவனம். நடுவில் ஓர் ஊற்று. தண்ணீர் பிடிக்க ரயில் நின்றது. ரயில் நின்ற இடத்தில் ஏலத்தில் காணி விற்றார்கள். பிறகு பக்கத்தில் பெரிய அணைக்கட்டு வேலை வந்தது. கூலி வாங்கிய ஆட்களுக்கு அதைச் செலவழிக்க இடம் வேண்டாமா? அரசாங்கமே சூதாட்டத்தைச் சட்டமாக்கியது. பிறகு பெரிய பெரிய முதலீட்டாளர்கள் வந்தார்கள்." முதலீட்டாளர்களில் பாதிப்பேர் கொள்ளைக்காரர்கள் என்ற பகுதியை அவன் இருமிக்கொண்டே தாண்டினான். "இந்த வருடம் தஸ்மேனியாவில் முதல் கசினோவைத் திறந்துவிட்டார்கள். அடுத்தது நாம்தான். நம்மிடம் என்ன குறை? வெயில் இருக்கிறது, மணல் இருக்கிறது."

ஏமாறுவதற்கு ஆட்களும் இருந்தார்கள், மண்டபம் நிறைய.

விக்னராஜா பொறியியலாளர்தானே, கையைத் தூக்கினான். மின்சாரம் எங்கிருந்து வரும் என்று கேட்க வாயெடுத்தான். அதற்குள் டெஸ், "உங்களைப் போன்ற ஆட்களுக்காகவே பிரதான வீதியில் இரண்டு காணித்துண்டு ஒதுக்கி வைத்திருக்கிறேன், பக்கத்துப் பக்கத்தில்" என்றான். காணி என்ற சொல் காதில் விழுந்தால் யாழ்ப்பாணத்து மனிதனுக்கு மற்றப் புலன்கள் எல்லாம் அடைத்துவிடும். சூதாட்டத்தில் ஒரு சதம் போடுவார்களா இவர்கள்? மாட்டார்கள். சூதாட்ட நகரத்தில் காணி வாங்குவது சேமிப்பு. அந்த வித்தியாசத்தை ஜெயரட்ணம் வரும் வழியெல்லாம் விளங்கப்படுத்திக்கொண்டு வந்தான்.

வீட்டுக்கு வந்த விக்னராஜாவிடம் சந்திரவதனா ஒரு கேள்விதான் கேட்டாள். "தண்ணி இல்லாத இடத்தில ஊர் எப்பிடி வரும்?"

"யாழ்ப்பாணத்தில ஆறு ஓடுதே? அங்க ஊர் வரேல்லையே?" என்றான் விக்னராஜா.

அந்த ஒரு தடவை வாயை மூடிக்கொண்டதற்காக அவள் பிறகு தன்னையே எத்தனை தரம் திட்டினாள் என்பதற்குக் கணக்கில்லை.

அடுத்த வருடம் ஈஸ்டர் லீவில் நாலு பேரும் விக்னராஜாவின் ஹோல்டன் காரில், பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு வாங்கிய காணியைப் பார்க்கப் போனார்கள். புரோக்கன் ஹில் தாண்டியதும் தார் ரோட்டு முடிந்தது. பிறகு ரோட்டும் முடிந்தது. கடைசியாக மொரீன் என்ற பருத்த பெண்ணொருத்தி நடத்திய தகரக்கூரை ஹோட்டலில் வழி கேட்டார்கள். அவள் பியர் கிளாசைத் துடைத்துக்கொண்டு, "லக்கி சிட்டியா? நேரே போங்கள். ஒன்றுமே இல்லாத இடம் வரும். அதுதான்" என்றாள்.

சரியாகச் சொல்லியிருந்தாள். சிவப்பு மண். கண் போன தூரத்துக்கு அந்த மண்தான். ஒரு விளம்பரப் பலகை, அதன்மேல் ஒரு கிளி. தரையில் வரிசையாக அடித்த மரக்கட்டைகள். சந்திரவதனா காரிலிருந்து இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, நகரம் எங்கே என்று கேட்க வாயைத் திறந்தாள்.

விக்னராஜா அதற்குள் தரையில் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டை வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஐசே ஜெயம், இந்த எல்லைக் கட்டை என்ர பக்கம் வந்திருக்குக் காணும்."

ஜெயரட்ணமும் குந்தினான். "எனக்கெண்டா அது என்ர பக்கம் வந்தமாதிரித்தான் தெரியுது."

அங்கே ஆரம்பித்தது வினை. வேறு எந்தச் சாதி மனிதனாக இருந்தாலும் அந்தப் பொட்டல்வெளியைப் பார்த்ததும், ஐயோ ஏமாந்துவிட்டேன் என்று தலையில் கை வைத்திருப்பான். இவர்கள் இரண்டு பேரும் தலையை நிமிர்த்தவே இல்லை. ஒரு அடி நிலம். சுற்றிவர ஆயிரக்கணக்கான ஏக்கர் சும்மா கிடக்க, ஒரு அடி. விக்னராஜாவின் தகப்பன் சொந்தத் தமையனோடு ஒரு பனையின் அகலத்துக்கு வழக்காடி, கடைசியில் இருவருமே வழக்குச் செலவுக்காகக் காணியை விற்றவர்கள். அந்த இரத்தம் பொய்க்குமா? புறப்படும்போது அவன் கட்டையைப் பிடுங்கி, "சரியான இடத்தில" அடித்தான். ஜெயரட்ணம் அதைப் பார்த்தும் பார்க்காதவன் போலக் காரில் ஏறினான். திரும்பி வரும் வழியில் சம்பலைப் பிரித்துக் கொடுக்க ஆளில்லை. அவரவர் பாணை வெறும் பாணாகத் தின்றார்கள்.

அந்தச் சனிக்கிழமை சீட்டாட்டம் இல்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை.

ஜூன் மாதம் ராணி பிறந்தநாள் லீவுக்கு விக்னராஜா தனியே போய் இரும்புக் கட்டை நட்டுக் கம்பி இழுத்து வேலி போட்டுவிட்டு வந்தான். அதோடு நின்றானா? வேலி என்றால் ஊரில்போல உயிர்மரக் கதியால் வேண்டுமே. வழியில் நின்ற யூகலிப்டஸ் மரக் கொப்புகளை வெட்டி இடையிடையே ஊன்றி, அவை தளிர்க்கும் என்றும் நம்பினான். ஆறு கிழமை கழித்து ஜெயரட்ணம் போய் முழு வேலியையும் ஒரு அடி தள்ளி நட்டான். பிறகு விக்னராஜா போனான். இப்படியே, மனைவிமார் இரண்டு பேரும் சிட்னியில் இருக்க, அந்த வேலி மட்டும் அங்கே நடந்து திரிந்தது.

டெஸ் கலகனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவன் லக்கி சிட்டியில் ஒரு செங்கல்லும் வைக்காமல் இருந்த நேரத்தில் இவர்கள் கட்டுமான வேலையைத் தொடங்கிவிட்டார்கள். வேலியைப் படமெடுத்து விளம்பரத்தில் போட்டான். ஒரு பொறியியலாளரும் ஒரு கணக்காளரும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் சண்டை பிடிக்கிறார்கள் என்றால் அந்த மண்ணின் மதிப்பு என்னவாக இருக்கும், யோசியுங்கள் என்று கீழே எழுதினான். சனம் யோசித்தது. யோசித்துவிட்டு வாங்கியது. மெல்பேர்னிலிருந்துகூட ஆட்கள் வந்து வாங்கினார்கள். நகரம் வளர்ந்தது, காகிதத்தில்.

சந்திரவதனாவுக்கு நகரம் வளர்ந்தாலென்ன, எரிந்தாலென்ன. ஜூன் மாதத்தில் அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது.

கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்து வந்த பிள்ளை. ஊரில் என்றால் ஏழாம் மாதமே தாய்வீட்டில் கொண்டுபோய் இருத்தியிருப்பார்கள். இங்கே தாய் என்று சொல்ல யாரும் இல்லை. யோகராணி ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு தாதி. முன்பு ஒரு சனிக்கிழமை சீட்டைக் குலுக்கிக்கொண்டே, "உமக்கு எப்ப பிள்ளை பிறந்தாலும் நான்தான் பக்கத்தில நிப்பன். சரக்குக் கறியும் நான்தான் காய்ச்சித் தருவன்" என்று சொன்னவள். பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சிக் கொடுக்கும் அந்தக் கறிக்கு மிளகும் திப்பிலியும் வேர்க்கொம்பும் ஊரிலிருந்து பார்சலில் வந்து யோகராணியின் குசினியில் ஒரு போத்தலில் இருந்தது. அந்தப் போத்தலுக்கும் சந்திரவதனாவுக்கும் நடுவில் இப்போது ஒரு வேலி.

அதில் சந்திரவதனாவின் பங்கும் இருந்தது. விஷயத்தைச் சொல்லத்தான் ஆசையாகத் தொலைபேசி எடுத்தாள். யோகராணி எடுத்த எடுப்பில், "உங்கட மனுசன் கட்டையைப் பிடுங்கினதை என்ர கண்ணால கண்டனான்" என்றாள். "உங்கட மனுசன் வேலியையே பிடுங்கினவர்தானே" என்று இவளும் சொல்லிவிட்டாள். மறுமுனையில் போனை வைத்த சத்தம் கேட்டது. தன் புருசன் செய்தது மடத்தனம் என்று முழுதாகத் தெரிந்திருந்தும், அடுத்தவள் அதைச் சொன்னதும் ஏன் அவன் பக்கம் பாய்ந்தாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. பிள்ளை விஷயத்தைச் சொல்லவே இல்லை. அன்று முழுக்க அழுதாள். பிறகு யோகராணியை றோட்டில் கண்டால் இருவரும் எதிர்ப்பக்கத்து நடைபாதையில் போகப் பழகினார்கள். ஓகஸ்ட்டில் சந்திரவதனாவின் வயிறு தெரியத் தொடங்கியது. எதிர்ப்பக்கத்தில் போன யோகராணி ஒரு கணம் நின்றாள். நின்றுவிட்டுப் போய்விட்டாள். அந்த ஒரு கணத்தைப் பிடித்துக்கொண்டு சந்திரவதனா எத்தனையோ நாள் இருந்தாள். தனியாகப் பிள்ளை பெறப் பயமாக இருந்தது அவளுக்கு. வெட்கம் கெட்ட பயம், உண்மையான பயம்.

ஒக்டோபர் நீண்ட வார இறுதிக்கு விக்னராஜா புதுக் கம்பிச் சுருளைக் காரில் ஏற்றினான். ஜெயரட்ணமும் அன்றுதான் போகிறான் என்று எப்படியோ கேள்விப்பட்டிருந்தான்.

"நானும் வாறன்" என்றாள் சந்திரவதனா.

"உந்த வயித்தோடயோ?"

"வயிறு என்னோடதான் வரும். வைச்சிட்டு வரேலாது."

அவன் முன் கதவைத் திறந்துவிட்டான்.

லக்கி சிட்டியில் அன்று திருவிழா. சந்திரவதனா கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். வேலிக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டில் முளைத்திருந்தது. மூன்று கரவன் வண்டி. ஒபல் கல் தோண்டுபவர்கள், ஆட்டுமயிர் வெட்டுபவர்கள், ஐம்பது பேருக்குக் குறையாது. ஒரு வட்டத்தில் நின்று இரண்டு செப்புக்காசைச் சுண்டிவிட்டுத் தலையா பூவா என்று கத்திக்கொண்டிருந்தார்கள். கொட்டிலுக்குள் மொரீன் பியர் விற்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு கரும்பலகை. ஒரு பக்கம் விக், மறுபக்கம் ஜெரி.

"என்ன இது?" என்று சந்திரவதனா கேட்டாள்.

மொரீன் கொஞ்சமும் கூசவில்லை. "மழை இல்லாத ஊர். குதிரைப் பந்தயம் றேடியோவில்தான். இந்த இரண்டு பேரும் வந்து வேலியைத் தள்ளத் தொடங்கியதும், அடுத்த தடவை எந்தப் பக்கம் போகும் என்று இரண்டு பேர் பந்தயம் பிடித்தார்கள். பிறகு நாலு பேர். பார்த்துக்கொண்டிருக்கும்போது தாகம் எடுக்கிறது, அதனால் கொட்டில் போட்டேன். தங்க வேண்டும் என்றார்கள், அதனால் கரவன். உங்கள் கணவர் இதில் எவர்?"

"விக்."

"நல்ல தசை. ஆனால் ஜெரிக்குத்தான் பிடிவாதம் அதிகம்."

ஆக டெஸ் கலகன் சொன்னது பொய்யில்லை. பாலைவனத்தில் ஒரு சூதாட்ட நகரம் உண்மையாகவே உண்டாகிக்கொண்டிருந்தது. அதற்கு ஊற்றும் தேவைப்படவில்லை, ரயிலும் தேவைப்படவில்லை. யாழ்ப்பாணத்து மூளைசாலிகள் இரண்டு பேர் போதுமாக இருந்தது. அதைவிடக் கொடுமை என்னவென்றால், கரும்பலகையில் தன் பெயரைப் பார்த்து விக்னராஜா உள்ளூரப் பூரித்தான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஜெயரட்ணமும் சேர்ட் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து டெஸ் கலகனின் சின்ன பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. மெல்பேர்னிலிருந்து காணி பார்க்க வந்த ஒரு பஸ் நிறைந்த சனம். டெஸ் கையை விரித்து வேலியைக் காட்டி, "பார்த்தீர்களா போட்டியை" என்றான்.

வேலிக்கு அந்தப் பக்கத்தில் ஜெயரட்ணத்தின் காருக்குள் யோகராணி இருந்தாள். கண்ணாடியை இறக்கி, விசிறிக்கொண்டு, இந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். அவளைக் கண்டதும் சந்திரவதனாவுக்கு ஊர் வேலி ஞாபகம் வந்தது. ஊரில் அவள் வளர்ந்த வளவுக்கும் அடுத்த வளவுக்கும் இடையே ஆறடி உயரத்துக்குத் தென்னோலைக் கிடுகுவேலி இருந்தது. இரண்டு வீட்டு ஆண்களுக்கும் இருபது வருடம் கதை பேச்சில்லை. ஆனால் கிணற்றடிப் பக்கமாக வேலியில் ஒரு பொட்டு இருந்தது, ஒரு பெண் குனிந்து புகுந்து போகும் அளவுக்கு ஓர் இடைவெளி. கறியும் கைமாற்றும் செய்தியும் அதற்குள்ளால் போய்வந்தன. ஆண்கள் வேலியை எத்தனை தரம் அடைத்தாலும் அந்தப் பொட்டை மட்டும் யாரும் அடைத்ததில்லை, பார்த்ததாகக் காட்டிக்கொண்டதும் இல்லை. பொட்டில்லாத வேலியை அவள் இங்கேதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். போட்டவர்கள் ஆண்கள் மட்டும், அதுதான் காரணம்.

அவள் காருக்குப் போய், கணவனின் கருவிப் பெட்டியைத் திறந்து, கம்பி வெட்டும் குறட்டை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். மொரீனிடம் திரும்பி வந்தாள்.

"விக்கும் வெல்லாமல் ஜெரியும் வெல்லாமல் போனால்?"

"அப்படி இதுவரை யாரும் கேட்கவில்லை."

"பொழுது சாய முதல் ஓர் ஆள் இந்த வேலிக்குள்ளால் நடந்து போவார் என்று நான் பந்தயம் வைக்கிறேன்."

மொரீன் அவளைப் பார்த்தாள். வயிற்றைப் பார்த்தாள். கைப்பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த குறட்டுக் கைப்பிடியையும் பார்த்தாள். சோக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் மூன்றாவதாக ஒரு கோடு கீறினாள். கொட்டில் முழுக்கச் சிரித்தது. சந்திரவதனா கைப்பையில் இருந்ததைக் கொடுத்தாள். அவள் வாழ்க்கையில் ஆடிய முதல் சூது.

வெயிலுக்குள் நடந்து போய் வேலியின் நடுவில் நின்றாள்.

"அக்கா" என்றாள்.

யோகராணி கார்க் கதவைத் திறந்துகொண்டு வர எடுத்த நேரத்தைப் பார்த்தால், கை ஏற்கனவே கதவில்தான் இருந்திருக்க வேண்டும். கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். சேலைத் தலைப்பால் முகத்துப் புழுதியைத் துடைத்தாள்.

"எத்தினை மாசம்?"

"அஞ்சு."

"கால் வீங்குதோ?"

"பின்னேரத்தில வீங்கும்."

"உந்தக் காலோட ஆரும் உவ்வளவு தூரம் காரில வருவினமே? அறிவிருக்கோ உமக்கு?" என்று யோகராணி ஏசினாள். ஏசும்போதே கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"எனக்குப் பயமா இருக்கக்கா. அண்டைக்கு அதைச் சொல்லத்தான் போன் எடுத்தனான். உங்கட மனுசனைச் சொன்னது பிழைதான். எனக்கு இஞ்ச வேற ஒருத்தரும் இல்லை. நீங்கள் வராட்டி நான் என்ன செய்வன்?"

"நான் வரமாட்டன் எண்டு ஆர் சொன்னது?"

"உங்கட இவர், வாசல் மிதிக்கப்படாது எண்டு சொன்னவராம்."

"அந்தாள் சொன்னது வாசலைத்தானே" என்றாள் யோகராணி.

சந்திரவதனா குறட்டை வெளியே எடுத்தாள். முதல் கம்பி டக்கென்று அறுந்து சுருண்டது. கொட்டிலிலிருந்து ஒரு சத்தம் எழும்பியது. இரண்டாவது கம்பிக்கு அவள் கை வலு காணவில்லை. யோகராணி மறுபக்கத்திலிருந்து கையை நீட்டிப் பிடித்து அழுத்தினாள். பிரசவ வார்டுக் கை, கம்பி தாங்குமா. அதற்குள் இரண்டு ஆண்களும் ஓடி வந்தார்கள். "இஞ்சாரும், என்ன வேலை பாக்கிறீர்?" என்று ஒருவன். "யோகா, உதை விடும்" என்று மற்றவன். வருடக் கணக்கில் சீட்டு மேசையில் சேர்ந்து இருந்தும் ஒரு தடவைகூட ஒரே கணக்காக ஆடாத இரண்டு பேர், அன்றைக்கு ஒரே நேரத்தில் ஒரே சொல்லைச் சொன்னார்கள். "வேலி."

நடுவில் ஒபல் தோண்டுபவர்கள் ஓடிவந்து, பந்தயம் முடியும்வரை விளையாட்டுக்காரர்களைத் தொடக்கூடாது என்று இருவரையும் தோளில் கை போட்டு நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது கம்பியும் அறுந்தது. யோகராணி சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, குனிந்து, அந்தப் பொட்டுக்குள்ளால் இந்தப் பக்கம் வந்து சந்திரவதனாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். தொப்பிகள் மேலே பறந்தன.

சத்தம் அடங்கும்வரை சந்திரவதனா காத்திருந்தாள். பிறகு, ஈஸ்டரிலிருந்து வாய்க்குள் வைத்திருந்த கேள்வியைப் பஸ்ஸில் வந்த சனத்துக்கும் விளங்கட்டும் என்று ஆங்கிலத்திலேயே கேட்டாள்.

"மிஸ்டர் கலகன், நகரம் எங்கே?"

விக்னராஜா நிமிர்ந்தான். ஜெயரட்ணமும் நிமிர்ந்தான். அந்த மண்ணில் கால் வைத்த நாளிலிருந்து இரண்டு பேரும் தரையை விட்டுக் கண்ணை எடுத்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. வடக்கே பார்த்தார்கள், தெற்கே பார்த்தார்கள். சிவப்பு மண். பலகையில் இருந்த கிளி பறந்து போனது. விக்னராஜாவின் வாய் மெல்லத் திறந்தது. "ஜெயம்," என்றான், ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்லி, "இஞ்ச ஒண்டும் இல்லைக் காணும்."

ஜெயரட்ணம் டெஸ் பக்கம் திரும்பி, கணக்காளரின் குரலில், காணி உறுதிப் பத்திரத்தைப் பார்க்கலாமா என்று கேட்டான். டெஸ் கலகனுக்குத் திடீரென்று சிட்னியில் ஓர் அவசர வேலை ஞாபகம் வந்தது. மெல்பேர்ன் சனத்தில் பாதிப்பேர் ஏறுவதற்கு முன்பே பஸ் புறப்பட்டுவிட்டது. மீதிப்பேர் கொட்டிலில் பியர் வாங்கினார்கள்.

அன்று பின்னேரம் ஐஸ்பெட்டி ஒன்றைப் பொட்டுக்கு நடுவில் போட்டு, அதைச் சுற்றி நாலு பேரும் முன்னூற்றி நாலு விளையாடினார்கள். ஆண்கள் சீட்டை மட்டும் போட்டார்கள். பெண்கள் எல்லாப் பிடியையும் பிடித்தார்கள். சுற்றி நின்றவர்களுக்கு ஆட்டம் ஒரு மண்ணும் விளங்கவில்லை, ஆனாலும் பந்தயம் பிடித்தார்கள். மொரீன் சந்திரவதனாவிடம் வென்ற காசைக் கொடுத்துவிட்டு, வேலியை இப்படியே விட்டுவைக்கச் சொன்னாள். வியாபாரத்துக்கு நல்லதாம். பிறகு அந்தக் கொட்டில் இரண்டு கொட்டிலாகி, ஒரு குளிர்பெட்டியும் பியானோவும் வந்ததாகக் கேள்வி.

"காசுக்கோ உதைச் செய்தனீர்?" என்று திரும்பும்போது யோகராணி கேட்டாள். பெண்கள் இருவரும் ஒரு காரில், பின் இருக்கையில், கால்களை நீட்டிக்கொண்டு.

"உங்களுக்குத்தான். காசு சும்மா கூட வந்தது."

பெப்ரவரியில் பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை. பக்கத்தில் நின்றவள் யோகராணி. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று தமிழில் சொன்ன ஒரே குரல் அந்த ஆஸ்பத்திரியில் அதுதான். வீட்டுக்கு வந்த முதல் சனிக்கிழமை, குசினியில் சரக்கு கொதித்தது. மணம் மாடிப்படி இறங்கித் தெருவரைக்கும் போனது. சந்திரவதனா கட்டிலில் பிள்ளையை அணைத்துக்கொண்டு படுத்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் விறாந்தையில் இரண்டு ஆண்களும் கதிரையில் இருந்து, சீட்டைக் குலுக்கிக்கொண்டு, சமாதானமாகக் கிரிக்கெட் கதைத்தார்கள்.

தொலைபேசி அடித்தது. விக்னராஜா எடுத்தான். சனிக்கிழமையும் வேலை பார்க்கும் நிலத் திணைக்களத்து அதிகாரி ஒருவர். லக்கி சிட்டி இருந்த இடம் அரசாங்க மேய்ச்சல் நிலமாம். டெஸ் கலகனுக்கு அதில் ஒரு பிடி மண்கூடச் சொந்தமில்லையாம், ஆளும் நாட்டை விட்டுப் போய்விட்டானாம். ஆனால் அரசாங்க நிலத்தில் யாரோ அனுமதியில்லாமல் வேலி போட்டிருக்கிறார்கள். வேலிக்குச் சொந்தக்காரர் தன் செலவில் அதைப் பிடுங்கி எடுக்க வேண்டும். சொந்தக்காரர் யார்?

விக்னராஜா போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஜெயரட்ணத்தின் பக்கம் திரும்பினான். "ஐசே, அந்த வேலி உம்மடதுதானே. கடைசியாத் தள்ளி நட்டது நீர்."

"என்னடதோ? முதல் போட்டது ஆர்? கம்பி வாங்கினது ஆர்? அது முழுக்க உம்மட வேலி ஐசே."

"ஒரு அடிகூட என்ரயில்லை."

"எனக்கு ஒரு அங்குலமும் வேண்டாம்."

கதிரைகள் பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. குரல்கள் உயர்ந்தன. பிள்ளை திடுக்கிட்டு விழித்து அழத் தொடங்கியது. சந்திரவதனாவுக்குப் பழைய பயம் வந்தது. எழும்ப முயன்றாள், முடியவில்லை.

யோகராணி கையில் சரக்குக் கறிக் கோப்பையோடு அறைக்குள் வந்தாள். குதிக்காலால் கதவைத் தள்ளிச் சாத்தினாள். சத்தம் பாதியாகக் குறைந்தது. கட்டிலில் உட்கார்ந்து, பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, கோப்பையைச் சந்திரவதனாவிடம் நீட்டினாள்.

"சூடு ஆற முதல் குடியும்" என்றாள். "குறடு எங்க வைச்சிருக்கிறீர்?"

"தலகாணிக்குக் கீழ" என்றாள் சந்திரவதனா.